பழைய புல்லட்டை வீட்டிலேயே புதுப்பிக்கப் போகிறீர்களா? ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறங்கள்

கோவையில் என் வீட்டுக் கார் ஷெட்டில் 1984 மாடல் என்ஃபீல்டு புல்லட் 350 பைக் ஒன்றைப் பிரித்து, புதுப்பித்து, சாலையில் இறக்கப் பத்து மாதம் ஆனது. நான் முதலில் போட்ட கணக்கு மூன்று மாதம். செலவுக்கு 50,000 ரூபாய் ஒதுக்கியிருந்தேன். வண்டி விலை நீங்கலாக 1,05,000 ரூபாய் கரைந்தது. அதில் பாதிப் பணமும் முக்கால்வாசி நேரமும் என் அறியாமைக்குக் கட்டிய கப்பம். அதை நீங்களும் கட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்போவது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட் பற்றி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், மேலே தூக்கினால் முதல் கியர், கீழே அழுத்தினால் மற்ற மூன்று. யெஸ்டி பைக்கோ யமஹா ஆர்.எக்ஸ். 100-ஓ வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் பகுதி பொருந்தாது. ஆவணம், பெயிண்ட், சட்டம் பற்றியவை அப்படியே பொருந்தும்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன்: டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும்

நான் முதலில் பார்த்த வண்டி இது அல்ல. வேறொரு ஊரில் ஒரு புல்லட்டைப் பார்த்து, டேங்கின் வளைவில் மயங்கி, 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போய் இன்ஜின் எண் மேல் இருந்த அழுக்கைச் சுரண்டிப் பார்த்தால், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் எண் வேறு. எப்போதோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள், பதிவில் ஏற்றவில்லை. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய துணி எடுத்துப் போங்கள். இன்ஜின் எண், சேசிஸ் (வண்டியின் இரும்புச் சட்டகம்) எண் இரண்டையும் சுத்தம் செய்து படம் எடுங்கள். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங் மேடோ தெரிந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

அடுத்து, அரசின் வண்டிப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முன் பதிவான வண்டிகள் பழைய மூன்றெழுத்து எண்ணில் இருக்கும். இவற்றில் பல கணினியில் ஏறியிருக்காது. ஏறாத வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக்' என்று சொல்லிப் பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். ஏறியிருந்தாலும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். என் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணில் 8 என்று இருந்த இடத்தில், கணினியில் 3 என்று தட்டியிருந்தார்கள். இந்த ஒரு எண்ணைத் திருத்த ஆறு வாரம்.

வண்டி ஓடுகிறதா என்பது இந்தக் கட்டத்தில் இரண்டாம்பட்சம். கிக்கரை மெதுவாக மிதித்து இன்ஜின் சுற்றுகிறதா, சேசிஸ் குழாயில் விரிசலோ ஒட்டு வெல்டிங்கோ இருக்கிறதா, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள வார்ப்புகள் முழுசா என்று பாருங்கள். டூல் பாக்ஸ், ஹெட்லைட் கூடு, ஒரிஜினல் மட்கார்டு போன்ற தகரச் சாமான்கள் இல்லாத வண்டியை விலை குறைவு என்று வாங்காதீர்கள். இன்ஜின் சாமான் காசு கொடுத்தால் கிடைக்கும். சரியான பழைய தகரத்துக்குத்தான் ஊர் ஊராக அலைய வேண்டும்.

2. ஆவணம்: இங்கேதான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள்

தமிழ்நாட்டுக்குள், உயிரோடு இருக்கும் உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கினால் வேலை சுலபம். படிவம் 29, படிவம் 30, ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் முகவரி அடையாளம். வண்டி மீது எப்போதோ கடன் இருந்து அது ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருந்தால் படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் கடிதமும் வேண்டும். கடன் கொடுத்த நிறுவனமே இப்போது இல்லை என்றால் பெரிய தலைவலி. அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

பழைய வண்டிகளில் அடிக்கடி நடப்பது வேறு. ஆர்.சி.யில் ஒருவர் பெயர், விற்பவர் இன்னொருவர், நடுவில் மூன்று கை மாறியிருக்கும். "படிவத்தில் கையெழுத்து வாங்கியே வச்சிருக்கேன் சார்" என்று ஒரு மங்கிய தாளைக் காட்டுவார்கள். பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. பழைய உரிமையாளரின் கைப்பேசிக்குப் போகும். ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது என்றால் அந்தத் தாளால் பயனில்லை. பதிவில் உள்ள உரிமையாளரிடம் போனில் ஒரு வார்த்தை பேசாமல் பணம் கொடுக்காதீர்கள்.

என் வண்டியில் சிக்கல் இன்னொரு வகை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கிடந்தது. உரிமையாளர் 2023-இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் வாரிசுகள். ஒரு மகன் வெளிநாட்டில். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். யாரும் செய்திருக்கவில்லை. தேவைப்பட்டவை இவை: இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். வெளிநாட்டு மகனின் கடிதம் வந்து சேரவே ஒன்றரை மாதம். அதன்பின் வாரிசு பெயருக்கு ஒரு மாற்றம், பதிவுப் புதுப்பித்தல், பிறகு என் பெயருக்கு ஒரு மாற்றம் என்று மூன்றாக நடந்தது.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பதிவு காலாவதியான வண்டியைப் புதுப்பிக்க, அது ஓடும் நிலையில் நேரில் நிற்க வேண்டும். ஓட வைக்கச் செலவு செய்ய வேண்டும். பெயர் மாறாத வண்டிக்கு எந்தத் தைரியத்தில் செலவு செய்வது? நான் கண்ட வழி: வாரிசு பெயருக்கு மாறும்வரை ஒரு ரூபாய்க்கும் சாமான் வாங்கவில்லை. மாறியதும், விற்பவரோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டு, 62,000 ரூபாய் விலையில் 15,000-ஐ நிறுத்திவைத்துக்கொண்டேன். கடைசிப் பெயர் மாற்றத்தன்று அதைக் கொடுத்தேன். விற்பவர் நல்லவர்தான், ஆனாலும் பாக்கி இருந்தால்தான் போனை எடுப்பார்கள்.

வெளிமாநில வண்டி என்றால், அந்த மாநில ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) வாங்கி வர வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மறுபதிவு கட்டாயம். வரியும் இங்கே மறுபடி கட்ட வேண்டும். "பாலக்காட்டில் பத்தாயிரம் கம்மி" என்று போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆர்.சி. தொலைந்த வண்டிக்குப் படிவம் 26, கூடவே காவல் நிலையச் சான்று. இதை விற்பவரே முடித்துத் தர வேண்டும். நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

3. 'விண்டேஜ் பதிவு' குழப்பம்

பழைய வண்டி என்றதும் யாராவது விண்டேஜ் பதிவு வாங்கச் சொல்வார்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேல் ஆன, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் அது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் டீக்கடைக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு அது உதவாது. என் வண்டிக்கு வயதும் போதவில்லை. சாதாரணப் பதிவுப் புதுப்பித்தலே போதும்.

4. இடமும் கருவிகளும்

பத்துக்குப் பத்து அடி, மழை படாத இடம், நல்ல விளக்கு, காற்றோட்டம். இதற்குமேல் ஆடம்பரம் தேவையில்லை. ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகை ஆளைச் சாய்த்துவிடும்.

கருவியில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. வீட்டில் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டையே நம்பினேன். இந்தப் புல்லட்களில் பல நட்டு, போல்ட்டுகள் பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் 'ஏறக்குறைய' உட்காரும், அழுத்தினால் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். முதல் நாளே நான்கு நட்டுகளை உருண்டையாக்கினேன். சாதாரண இன்ச் ஸ்பேனரும் விட்வொர்த்தும் ஒன்றல்ல. கடையில் கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இவை தவிர கிளட்ச் புல்லர், மேக்னட் புல்லர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்ட்டிமீட்டர், டார்க் ரெஞ்ச், மரச் சுத்தியல். எனக்குக் கருவிகளுக்கு மட்டும் 12,000 ரூபாய் ஆனது. புல்லரை அக்கம்பக்கத்து மெக்கானிக்கிடம் இரவல் கேட்கலாம். ஃபீலர் கேஜை இரவல் வாங்காதீர்கள், தினமும் தேவைப்படும்.

5. பிரிப்பது: ஒரே நாளில் எலும்புக்கூடு ஆக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் முழு வண்டியையும் பிரித்துப் போட்டு, இரண்டு வருடம் கழித்து மூன்று சாக்குமூட்டையாகப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தவர்கள் எனக்கே இரண்டு பேர் தெரியும். பகுதி பகுதியாகப் பிரியுங்கள். முதலில் சீட், டேங்க், வயரிங். அப்புறம் இன்ஜினை இறக்குங்கள். அது லேத்துக்குப் போன பிறகு சக்கரமும் ஃபோர்க்கும்.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம். குறிப்பாகக் கேபிள்கள் எந்த வழியாகப் போகின்றன, எந்தப் பக்கம் வாஷர் இருந்தது என்பதை எடுங்கள். நட்டு, போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, 'பின் மட்கார்டு இடது' என்று சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். கவர் மேலே மார்க்கரில் எழுதினால் பெட்ரோல் பட்டு அழிந்துவிடும், எனக்கு அழிந்தது.

துருப்பிடித்த போல்ட்டில் முதல் நாள் இரவே ஆயில் விட்டு வையுங்கள். அசையாவிட்டால் சூடு காட்டுங்கள். பெட்ரோல் டேங்க் அருகே மட்டும் சூடோ வெல்டிங்கோ கூடாது. காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

6. இன்ஜின்: எதை நீங்கள் செய்யலாம், எதை லேத்துக்குத் தர வேண்டும்

ஹெட், சிலிண்டர், கிளட்ச், டைமிங் பக்கம் இவற்றைப் பொறுமையுள்ள யாரும் வீட்டில் பிரிக்கலாம். கிராங்கைப் பிரித்து நேராக்குவது, போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது), வால்வ் கைடு மாற்றுவது ஆகியவை லேத் பட்டறை வேலை. நல்லவேளையாகக் கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பழைய புல்லட் தெரிந்த லேத்காரருக்கு.

நான் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பட்டறைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, பிஸ்டன் எங்கீங்க? மாப்பிள்ளை இல்லாம சட்டைக்கு அளவெடுக்கச் சொல்றீங்களே" என்றார். பாடம் இதுதான்: முதலில் சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள், எந்த ஓவர்சைஸ் (அடிப்படையைவிடப் பெரிய அளவு) என்று தெரிந்துகொண்டு பிஸ்டன் வாங்குங்கள், பிஸ்டனைக் கையில் கொடுத்து அதன் அளவுக்குப் போர் பண்ணச் சொல்லுங்கள். 350 புல்லட்டின் அடிப்படை அளவு 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. கடைசி ஓவர்சைஸும் தாண்டியிருந்தால் சிலிண்டருக்குள் புது உறையாக ஸ்லீவ் போடுவதுதான் வழி.

கனெக்டிங் ராடின் கீழ்முனையில் பழைய புல்லட்டில் இருப்பது மிதக்கும் புஷ். ஆயில் சரியாக வராத வண்டிகளில் இது முதலில் போகும். இப்போது பலரும் அதை எடுத்துவிட்டு நீடில் ரோலர் பேரிங் வைத்த ராட் போடுகிறார்கள். நானும் அதையே போட்டேன். கிராங்கை நேராக்கத் தெரியாதவரிடம் கொடுத்தால் வண்டி பல்லைக் கிடுகிடுக்க வைக்கும். அதனால் கிராங்க் வேலைக்கு 50 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தாலும் தெரிந்தவரிடமே போங்கள்.

புதியவர்கள் உடைக்கும் ஓர் இடம்: வலது பக்க டைமிங் கவருக்குள், கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு. அதற்கு இடமரை, அதாவது மற்ற நட்டுகளுக்கு எதிர்த் திசையில் கழலும். வழக்கம்போல் கழற்ற நினைத்துத் திருப்பினால் இறுகும், இன்னும் பலம் போட்டால் முறியும். கேம் பல்சக்கரங்களைக் கழற்றும் முன் அவற்றில் உள்ள புள்ளிகளைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது அதே நேரில் உட்கார வேண்டும்.

சாமான் வாங்கும் இடம் பற்றி. சென்னையில் புதுப்பேட்டை பழைய ஒரிஜினல் சாமானுக்கு, ஜி.பி. ரோடு புதிய சாமானுக்கு. டெல்லி கரோல்பாக் கடைகள் பார்சலில் அனுப்புகின்றன. நான் கண்டது: பேக்கிங், ஆயில் சீல், கேபிள் எல்லாம் புதியது வாங்குங்கள். வார்ப்புச் சாமானைப் பழையதாகவே தேடுங்கள். புதிய நகல் மட்கார்டில் துளைகள் பொருந்தாது, நகல் கார்புரேட்டர் ஐட்லிங் நிற்காது. புதுப்பேட்டைக்குப் போகும்போது பழுதான சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் எதையாவது தருவார்கள், காட்டிக் கேட்டால் அதையே தேடித் தருவார்கள்.

இன்ஜினுக்கு மொத்தம் 34,500 ரூபாய். லேத்தில் காத்திருந்தது இரண்டு மாதம்.

7. பெயிண்ட், குரோம்: சேசிஸ் எண்ணைக் காப்பாற்றுங்கள்

சேசிஸைப் பவுடர் கோட்டிங் கொடுக்கிறீர்களா? கொடுக்கும் முன் எண் இருக்கும் இடத்தில் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மணலடித்துக் கெட்டியாகப் பூசினால் எண் மூழ்கிப்போகும். பதிவுப் புதுப்பித்தலின்போது அந்த எண்ணைப் பென்சில் பிரிண்ட் (மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் நகல்) எடுத்தாக வேண்டும். என் நண்பர் ஒருவர் பூச்சைச் சுரண்டப் போய் எண்ணையும் சேர்த்துச் சுரண்டிவிட்டார். அதன்பின் அவர் அலைந்த அலைச்சல் தனிக்கதை. எண்ணை முன்கூட்டியே மூன்று பென்சில் பிரிண்ட் எடுத்து ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை ஆர்.சி.யில் உள்ளபடியே வையுங்கள். மாற்ற ஆசை என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். கறுப்பு டேங்கில் தங்கக் கோடு வேண்டுமென்றால் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒரு வெயிலில் ஓரம் தூக்கும். சென்னை திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் அந்தக் கோடு கையால் இழுத்தது. பழைய போர்டு எழுதும் ஓவியர் எவராவது ஊரில் மிச்சம் இருந்தால் தேடிப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தவர் எழுபது வயதுக்காரர். நீண்ட முடி பிரஷ்ஷால் இரண்டு பக்கத்தையும் நாற்பது நிமிடத்தில் முடித்தார். கூலி 800 ரூபாய். முழு வண்டியில் நான் மனமாரக் கொடுத்த ஒரே பணம் அது.

டேங்கின் உட்பக்கத் துருவைப் பெயிண்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி நட்டுகளையும் துரு நீக்கும் திரவத்தையும் போட்டுக் குலுக்கி, நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி, ஆயில் கலந்த பெட்ரோலால் உள்ளே நனைத்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு செய்தால் அமிலம் வழிந்து புதுப் பெயிண்ட் உரியும்.

குரோமுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சாமானையும் எண்ணி, படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். சின்னச் சின்னக் கிளிப்புகள் தொட்டியில் தொலைந்துபோவது சகஜம். எனக்குப் பெயிண்ட் 16,000, குரோம் 11,000. பெயிண்டர் 'அடுத்த வாரம்' என்றார்; ஏழு வாரம் ஆனது. இன்ஜின் லேத்தில் இருக்கும்போதே தகரத்தைப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு காத்திருப்பும் ஒன்றாகக் கழியும்.

8. வயரிங்கும் மாற்றங்களும்: எதுவரை போகலாம்

நாற்பது வருட வயரை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். புது வயரிங் கிட் போடுங்கள். பேட்டரியைக் கொடுக்கும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் போய்விடும்.

என் வண்டி 6 வோல்ட். இரவில் மெழுகுவத்தி போல எரியும். ஆல்டர்னேட்டரை 12 வோல்ட்டுக்கு மாற்றிச் சுற்றி, ரெகுலேட்டர், பேட்டரி, காயில், பல்புகள், ஹார்ன் எல்லாம் மாற்றினேன். வயரிங் உட்பட 9,000 ரூபாய். அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரே பெரிய மாற்றம் இது.

மற்றபடி 'மாடிஃபை' ஆசைக்கு ஒரு எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். சேசிஸை வெட்டி பின்பக்கத்தைச் சுருக்குவது, நீட்டிய ஃபோர்க், ஆர்.சி.யில் இல்லாத வேறு இன்ஜின் எல்லாம் இதில் வரும். சத்தமிடும் சைலன்ஸருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, 10,000 ரூபாய்வரை போகும். இணையத்தில் பார்க்கும் பாபர், சாப்பர் என்ற வெட்டி மாற்றிய வண்டிகளில் பெரும்பாலானவை பதிவுப் புதுப்பித்தலுக்குப் போனால் நிற்காது. வெட்டிய சேசிஸை ஒட்டவைத்தாலும் பழையது ஆகாது, அதனால் அந்த ரம்பத்தை எடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

டயர் 3.25-19, முன்னும் பின்னும் ஒரே அளவு. அகல டயர் மாட்டினால் செயின் உரசும். டயர், டியூப், ஸ்போக் சேர்த்து 8,500 ஆனது. பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் ரகமாகப் போடுங்கள்; இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஊறிப்போகும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கில் ஈரமும் சேரும்.

9. பூட்டுதல், முதல் கிக்

பிளாட்டினம் பாயிண்ட் (பிளக்குக்குப் பொறி தரும் சுவிட்ச்) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தைப் பார்க்க, சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளை பாயிண்ட் நடுவே வைத்து லேசாக இழுத்தபடி இன்ஜினைத் திருப்புங்கள். தாள் விடுபடும் இடம்தான் அது. கணம் முந்திப்போனால் கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்போடு கிக் அடிக்காதீர்கள்.

டேப்பட் (வால்வ் இடைவெளி), இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரெஷன் உச்சியில் வைத்துப் பாருங்கள். புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

ஆயில் 20டபிள்யூ50, சுமார் இரண்டேகால் லிட்டர். பிளக்கைக் கழற்றிவிட்டு, இக்னிஷன் இல்லாமல் கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் நட்டைத் தளர்த்தி வைத்தால் அங்கே ஆயில் கசிவது தெரியும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 34,500 ரூபாய் இன்ஜினை முதல் ஐந்து நிமிடத்தில் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்டார்ட் செய்ய: சாவியைப் போட்டு மெதுவாக மிதியுங்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிவிடும் நெம்பு) அழுத்தியபடி இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, முழு மூச்சாக ஒரே கிக். எனக்குப் பதினேழாவது கிக்கில் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துருச்சுங்களா?" என்றார். பத்து மாதமாக அவரும் காத்திருந்திருக்கிறார்.

முதல் 500 கிலோமீட்டர் வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், டேப்பட் பாருங்கள்.

10. பதிவுப் புதுப்பித்தல் நாள்

பதிவு 15 ஆண்டுக்கு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். ஊர்வழக்கில் 'எஃப்.சி. காட்டுவது'. முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டணம் மாறியது; 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2,000 ரூபாய். தாமதமானால் மத்திய விதிப்படி மாதத்துக்கு 300. என் வண்டியின் பதிவு 2024 ஆகஸ்டில் முடிந்திருந்தது, நான் காட்டியது 2025 அக்டோபரில்: 14 மாதம், 4,200 ரூபாய். இன்னும் அதிக காலம் காட்டாமல் கிடந்த வண்டியென்றால், வாங்கும் முன்பே அலுவலகத்தில் மொத்தக் கணக்கைக் கேட்டு, அதை விலையில் கழியுங்கள். பசுமை வரி இவற்றுக்குமேல் தனி.

முதலில் இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு 150 சி.சி.க்கு மேல் 350 சி.சி.வரை ஆண்டுக்கு 1,366 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பிறகு புகைச் சான்று. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை அனுமதி உண்டு. கார்புரேட்டரைச் சரியாக வைத்திருந்தால் இதில் தேறிவிடும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

பரிசோதனையில் பார்ப்பவை: இன்ஜின் எண், சேசிஸ் எண், ஹார்ன், ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், கண்ணாடி, எண் பலகை, நிறம். எனக்குப் பிரேக் லைட் சுவிட்ச் அன்று பார்த்து வேலை செய்யவில்லை. மறுவாரம் மறுபடி போனேன். காலையில் கிளம்பும் முன் எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு சின்ன ஸ்பேனர், உதிரி பல்பு, உப்புத்தாள் சட்டைப்பையில் இருக்கட்டும். புரோக்கர் 6,000 கேட்டார். நானே போனதில் அரை நாள் மூன்று முறை போயிற்று. ஆவணச் செலவு அத்தனையும் சேர்த்து 14,000 ரூபாய்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் இப்போது ஆர்.சி. கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் வரும். ஆளில்லை என்று திரும்பிப் போனால் மறுபடி அலைய வேண்டும். விண்ணப்பத்தில் முகவரி, பின்கோடு, கைப்பேசி எண் மூன்றையும் சமர்ப்பிக்கும் முன் சத்தமாகப் படித்துப் பாருங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.